நெடும்பயணத்துக்கான ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

ஸ்போர்ட்-டூரிங் பைக் ஓட்டுபவரின் தலைக்கவசம் உழைக்கும் சூழல் வேறு, அதை அவர் கடையில் தேர்ந்தெடுக்கும் சூழல் வேறு. சாலையில் அவருடைய முதுகு சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், கழுத்து அதற்கு ஈடாகப் பின்னோக்கி நிமிர்ந்திருக்கும், 80, 90 கிலோமீட்டர் வேகக் காற்று நெஞ்சிலும் முகவாயிலும் மோதிக்கொண்டே இருக்கும், இந்த நிலை நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். கடையிலோ அவர் நேராக நின்று, நிலைக்கண்ணாடி முன் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, நிறத்தையும் விலையையும் வைத்து முடிவெடுத்துவிடுகிறார். டாமினார் 400, ஜிக்ஸர் எஸ்எஃப் 250 முதல் நிஞ்ஜா 1000 வரை வண்டி எதுவானாலும், சாலையின் நிலைமையை இயன்ற அளவு கடைக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டு சோதிப்பதுதான் சரியான ஹெல்மெட்டை அடையாளம் காணும் வழி. அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளுக்கு வார இறுதி மாலையில் போவதைவிட வாரநாள் முற்பகலில் போவது நல்லது. நெரிசல் இல்லாதபோதுதான் நான்கைந்து ஹெல்மெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக ஒப்பிட முடியும்.

முத்திரைகளைப் படிப்பது

இந்தியாவில் விற்கப்படும் இருசக்கர வாகனத் தலைக்கவசங்கள் ஐஎஸ் 4151 தரநிலைக்கு உட்பட்டு ஐஎஸ்ஐ முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது 2021 ஜூன் 1 முதல் கட்டாயம். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கைபேசியில், முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் உரிமம் யாருடையது, அது நடப்பில் உள்ளதா என்பவை தெரிந்துவிடும். எண்ணே இல்லாத முத்திரையும், செயலி காட்டும் நிறுவனத்தின் பெயரோடு பொருந்தாத முத்திரையும் வெறும் ஸ்டிக்கர்கள்தாம். அத்தகைய ஹெல்மெட்டை அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை.

ஐஎஸ்ஐ என்பது நுழைவுத் தகுதி. நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டுபவர் அதற்கு மேலும் ஒன்றைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது ஐரோப்பிய இசிஇ 22.06 தரநிலை. இதற்கு முந்தைய 22.05 விதியில் மோதல் சோதனை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மட்டும் நடந்தது. 22.06 விதி அதோடு 6.0, 8.2 மீட்டர் வேகங்களையும் சேர்த்தது. குறைந்த வேகச் சோதனை எதற்கு என்று தோன்றலாம். பலத்த அடியை மட்டும் மனத்தில் வைத்து உட்புறத் தெர்மோகோலை மிகக் கடினமாகச் செய்துவிட்டால், மெதுவான விழுதலில் அது நசுங்காமல் அதிர்ச்சியை அப்படியே மண்டைக்குக் கடத்திவிடும். ஆகவே இரண்டு எல்லைகளிலும் சோதிப்பது அவசியம். இதைவிட முக்கியமானது சாய்வான மோதல் சோதனை. தார்ச்சாலையில் விழுபவரின் தலை பெரும்பாலும் செங்குத்தாக மோதி நிற்பதில்லை. உராய்ந்து திடீரெனச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி மூளைக்குக் கடும் சேதம் விளைவிக்கக்கூடியது. 22.06 அதையும் அளக்கிறது. மிப்ஸ் போன்ற வழுக்கும் உள்ளடுக்குகள், மோதும் கணத்தில் ஹெல்மெட் தலைக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தனியே நகர இடம் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இசிஇ சான்று முகவாய்ப் பட்டையில் தைத்த சிறு துணி லேபிளில் இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் சான்றளித்த நாட்டின் எண்ணும் காணப்படும். 1 ஜெர்மனி, 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 9 ஸ்பெயின். அருகிலுள்ள நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது 22.06 விதிப்படி சோதிக்கப்பட்டது. 05 என்றால் பழைய விதி. அதே லேபிளில் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் முகவாய்ப் பகுதியும் பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று பொருள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் ஸ்டிக்கர் வேறு வகை. அங்கே தயாரிப்பாளரே தன் பொருளுக்குத் தானே சான்றளித்துக்கொள்கிறார் என்பதால், அந்த ஸ்டிக்கர் ஒன்றை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

பிரிட்டன் அரசின் ஷார்ப் திட்டம் 2007 முதல் ஹெல்மெட்டுகளைக் கடையில் வாங்கிச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கிவருகிறது. விலை குறைந்த பாலிகார்பனேட் ஹெல்மெட்டுகள் சில அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றுள்ளன, விலை உயர்ந்தவை சில பெறவில்லை. ஆனால் அங்கே சோதிக்கப்பட்ட மாடலும் இங்கே அதே பெயரில் விற்கப்படுவதும் வெளி ஓட்டிலும் உள்ளடக்கத்திலும் ஒன்றேதானா என்று லேபிளைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே அந்த நட்சத்திரங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தலையின் அளவும் வடிவமும்

எந்த முத்திரையும் பொருந்தாத ஹெல்மெட்டைக் காப்பாற்றாது. ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை இதற்கே கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

தையல் டேப்பைப் புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, காதுகளுக்கு மேலாகச் சுற்றி, பின்தலையின் புடைத்த பகுதியைத் தொடுமாறு வைத்து அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான நிறுவனங்களுக்கு 57–58 மீடியம், 59–60 லார்ஜ் என்றாலும், அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும்.

சுற்றளவு பாதிக் கதைதான். 58 சென்டிமீட்டர் தலை ஒருவருக்கு முன்பின் நீண்டும் இன்னொருவருக்கு வட்டமாகவும் இருக்கலாம். ஹெல்மெட்டைப் போட்டதும் நெற்றியிலும் பின்தலையிலும் அழுத்தி, பக்கவாட்டில் மட்டும் இடைவெளி தெரிந்தால், அந்த ஹெல்மெட் உங்கள் நீண்ட தலைக்கு மிகவும் வட்டமானது. நெற்றிப்பொட்டில் இறுக்கி, முன்னும் பின்னும் தளர்ந்திருந்தால், அது உங்கள் வட்டத் தலைக்கு மிகவும் நீளமானது. இரண்டு நிலையிலும் ஒரு அளவு பெரியதை எடுத்துச் சமாளிக்கப் பார்ப்பது தவறு. வடிவம் பொருந்தாவிட்டால் வேறு மாடலுக்குத்தான் மாற வேண்டும். “போடப் போட லூஸாகிவிடும் சார்” என்று விற்பனையாளர் சொல்வது கன்னத்துப் பஞ்சுக்கு ஓரளவு உண்மை. நெற்றியில் குத்தும் புள்ளிக்கு அது பொருந்தாது. அங்கே பஞ்சுக்குப் பின்னால் இருப்பது கடினமான தெர்மோகோல்.

சரியான அளவில் கன்னங்கள் நன்றாக அழுந்தியிருக்க வேண்டும். எதையாவது மெல்லுவதுபோல் வாயை அசைத்தால் கன்னத்தின் உட்சதை பல்லில் லேசாக உரச வேண்டும். தலையை அசைக்காமல் இரு கைகளாலும் ஹெல்மெட்டை இடமும் வலமும் திருப்பினால், நெற்றித் தோலும் கன்னத் தோலும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரியது. அடுத்து, பட்டையை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து, உடன் வந்தவரைப் பிடரிப் பக்கத்து விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளச் சொல்ல வேண்டும். கழன்று கண்ணை மறைக்கும் அளவுக்கு வந்தால், விபத்தில் அது தலையில் தங்காது. இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம், ஏனெனில் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இவை முடிந்தபின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மற்ற சோதனைகளை இந்த நேரத்திலேயே செய்துகொள்ளலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே, பாலக்லாவா என்னும் தலைத்துணி பயன்படுத்துபவர் அதைப் போட்டுக்கொண்டே சோதிக்க வேண்டும். கழற்றியதும் நெற்றியைப் பார்க்கலாம். பரவலான இளஞ்சிவப்பு இயல்பானது. ஒரு ரூபாய் நாணய அளவில் தனித்துச் சிவந்த இடம் இருந்தால், அது செங்கல்பட்டைத் தாண்டும் முன்பே தலைவலியாக மாறும்.

சாய்ந்த நிலையில் பார்வை

கடைக்கு உங்கள் பைக்கிலேயே செல்ல வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, வாசலில் நிறுத்திய வண்டியில் ஹெல்மெட்டோடு அமர்ந்து, நெடுஞ்சாலையில் ஓட்டும்போது இருக்கும் அதே சாய்வில் கைகளை ஹேண்டில்பாரில் வைத்து நேரே தொலைவில் பார்க்க வேண்டும். முன்னால் சாயும்போது கண்கள் வைசரின் மேற்பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்க்கின்றன. நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரிந்த காட்சி, சாய்ந்தபின் ஹெல்மெட்டின் மேல்விளிம்பால் வெட்டப்பட்டால், கழுத்தை இன்னும் நிமிர்த்தித்தான் ஓட்ட முடியும். நூறு கிலோமீட்டருக்குப் பிறகு தோள்பட்டையில் தொடங்கும் வலிக்கு இது ஒரு பெரிய காரணம்.

பக்கவாட்டுப் பார்வைக்கு மையக்கோட்டிலிருந்து இருபுறமும் 105 பாகை என்பது இசிஇ, டாட் ஆகிய இரண்டும் கேட்கும் குறைந்த அளவு. அதே சாய்வில் அமர்ந்து, தலையைத் தோளுக்கு மேல் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்ப்பதுபோல் பாருங்கள். ஹெல்மெட்டின் கீழ்விளிம்பு ஜாக்கெட் காலரிலோ தோளிலோ தட்டினால், தடம் மாறும் ஒவ்வொரு முறையும் அது தட்டும்.

காற்றும் இரைச்சலும்

100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் இரைச்சல் 100 டெசிபல் அளவை எட்டக்கூடியது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்கு வகுத்த வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே இடமுண்டு. எந்த ஹெல்மெட்டும் இதை முழுதாகத் தீர்க்காது. ஆகவே நெடும்பயணத்தில் நுரைக் காதடைப்பான் அணிவதை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். அதை அணிந்தாலும் ஹாரன் ஒலி கேட்கும், தணிவது பெருமளவு காற்றின் இரைச்சல்தான்.

கடையில் இரைச்சலை நேரடியாக அளக்க முடியாது. அதற்குரிய அறிகுறிகளைப் பார்க்கலாம். கழுத்தைச் சுற்றிய பஞ்சு தாடையோடு ஒட்டுகிறதா, முகவாய்க்குக் கீழே காற்றுத்தடுப்புத் துணி உண்டா, வைசர் ஓட்டோடு சமமாகப் பொருந்துகிறதா, வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் அலங்காரங்கள் எத்தனை என்பவை இரைச்சலை முன்கூட்டியே சொல்லும். ஆனால் காற்றுச் சுழல் பெரும்பாலும் வண்டியின் விண்ட்ஷீல்டிலிருந்து பிறக்கிறது. அதன் மேல்விளிம்பைத் தாண்டி வரும் குழம்பிய காற்று ஓட்டுபவரின் உயரத்தைப் பொறுத்து நெஞ்சிலோ முகவாயிலோ நெற்றியிலோ மோதும். நண்பர் தன் வண்டியில் அமைதியாக இருக்கிறது என்று சொன்ன ஹெல்மெட், உங்கள் வண்டியில் உங்கள் உயரத்தில் அதிர்வதற்கு இதுவே காரணம். இரவல் வாங்கிச் சோதிப்பதானால் உங்கள் வண்டியிலேயே ஓட்டிப் பாருங்கள்.

எடையைப் பற்றி மிகையாகப் பேசுகிறார்கள். நல்ல ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுகள் பல 1,400 முதல் 1,700 கிராமுக்குள் அடங்கிவிடும். முன்பக்கம் கனத்த 1,450 கிராம் ஹெல்மெட்டைவிடச் சீராக அமர்ந்த 1,550 கிராம் ஹெல்மெட் கழுத்துக்கு இதமானது. கார்பன் ஓடு சில நூறு கிராமைக் குறைக்கலாம், ஆனால் விலையை இரட்டிப்பாக்கக்கூடும். அந்தப் பணத்தை நல்ல கையுறையிலும் ஜாக்கெட்டிலும் போடுவது பயனுள்ளது.

சென்னை வெயிலும் காற்றுத்துளைகளும்

இங்கே சித்திரை, வைகாசியில் ஓட்டுபவருக்குக் காற்றோட்டம் அடிப்படைத் தேவை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஹெல்மெட்டிலும் துளைகள் இருப்பதுபோல் தெரியும். உட்துணியைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஓட்டிலுள்ள துளை தெர்மோகோலிலும் தொடர்கிறதா, அங்கிருந்து உச்சி வழியாகப் பின்புற வெளியேற்றத் துளை வரை பள்ளமான வாய்க்கால் ஓடுகிறதா என்று விரலை வைத்தே தடவிப் பார்க்கலாம். துளை ஓட்டோடு முடிந்துவிட்டால் அது வெறும் அலங்காரம். திறந்து மூடும் தாழ்ப்பாள்களைக் கையுறை அணிந்த விரலால் இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஈரப்பதம் மிகுந்த நம் கடற்கரைக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மே மாதம் ஒருமுறை புதுச்சேரி சென்று திரும்பினாலே உட்துணி நனைந்துவிடும். முழுதாகக் கழற்றித் துவைக்கக்கூடிய உட்துணியும், அதற்கு மாற்று ஒன்று தனியாக விற்கப்படுவதும் இங்கே அவசியம். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் மெல்லிய பருத்தித் தலைத்துணியை அணிவது உட்துணியின் ஆயுளைக் கூட்டும்.

வைசர்

வைசரின் ரப்பர் விளிம்பு எல்லா இடத்திலும் ஒட்டுகிறதா என்பதை அறிய ஒரு காகிதத் துண்டு போதும். அதை விளிம்பில் வைத்து வைசரை மூடி மெதுவாக இழுத்தால் பிடிப்பு தெரியும். மேல்விளிம்பில் எங்காவது தடையின்றி வழுக்கி வந்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் உட்புறம் இறங்கும். சிக்னலில் நிற்கும்போது மூச்சாவி வெளியேற, வைசரை மிகச் சிறிதளவு மட்டும் திறந்து நிறுத்தும் முதல் நிலை இருக்க வேண்டும்.

வைசரின் உட்புறத்தில் மூச்சாவி படியாமல் இருக்க, அதற்குள் இரண்டாவது அடுக்காக மாட்டும் பின்லாக் உள்வைசர்தான் இப்போதைக்குச் சிறந்த தீர்வு. வைசரில் அதை மாட்ட இரண்டு சிறு முளைகள் உள்ளனவா, உள்வைசர் பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் விடியற்காலையில் ஏறும்போதும் இதன் அருமை புரியும். இரவில் எதிர்வரும் விளக்குகள் இதில் இரட்டையாகத் தெரியக்கூடும் என்பது இதன் குறை.

கறுப்பு வைசரை மட்டும் மாட்டிக்கொண்டு நெடும்பயணம் கிளம்பக் கூடாது. இசிஇ விதிப்படி 80 சதவீதத்துக்கும் குறைவாக ஒளியை அனுமதிக்கும் வைசர் பகலுக்கு மட்டுமே உரியது. உட்புறம் இறங்கும் சன் வைசர் இதற்கு வசதியான மாற்று. அதிகாலையில் சென்னையிலிருந்து மேற்கே வேலூர் நோக்கிச் செல்பவருக்கு வெயில் முதுகில் விழும், மறுநாள் காலையில் திரும்புபவருக்கோ முகத்துக்கு நேரே அடிக்கும். அந்த வேளையில் ஒரு விரலால் இறக்கிக்கொள்ளும் சன் வைசர் பெரிய உதவி. அது மூக்கில் இடிக்காமல் இறங்குகிறதா, மூக்குக்கண்ணாடியில் உரசுகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

வாங்குமுன் மாற்று வைசரின் விலையையும் அது கையிருப்பில் உள்ளதா என்பதையும் கேளுங்கள். கடலோர உப்புப் படலத்தையும், மதுராந்தகம் ஏரிப் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் மோதும் பூச்சிகளையும் துடைத்துத் துடைத்து, எந்த வைசரும் சில ஆண்டுகளில் கீறல் விழுந்துவிடும். உதிரி வைசர் கிடைக்காத ஹெல்மெட், எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

பட்டை, நிறம், தயாரிப்பு நாள்

பட்டையை இரண்டு வளையங்களுக்குள் நுழைத்து இறுக்கும் டபுள் டி வளையம் எளிய, நம்பகமான பூட்டு. பல்வரிசை கொண்ட மைக்ரோமெட்ரிக் பக்கிள் வேகமானது. சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் தேநீருக்கு நிறுத்தும்போதெல்லாம் கழற்றி மாட்ட வசதியானது. இரண்டும் ஏற்கத்தக்கவையே. அவசரத்தில் மருத்துவ உதவியாளர்கள் கன்னப் பஞ்சை இழுத்து எடுக்க உதவும் சிவப்பு நாடா இருந்தால் அது கூடுதல் நன்மை. இன்டர்காம் பொருத்த நினைப்பவர், காது இருக்கும் இடத்தில் ஸ்பீக்கருக்கான குழி உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் ஸ்பீக்கர் காதை அழுத்தும்.

நிறத்தில் நான் வெள்ளைக்கும் பளிச்சென்ற நிறங்களுக்கும் ஆதரவானவன். 2004-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான நியூசிலாந்து ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களோடு ஒப்பிட வெள்ளை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது.

தயாரிப்பு மாதமும் ஆண்டும் உட்துணிக்கு அடியிலோ பட்டையிலோ ஒட்டியிருக்கும். ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்லும் பரிந்துரை பரவலாக உள்ளதால், வெக்கையான கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்த ஹெல்மெட்டை முழு விலைக்கு வாங்குவதில் பொருளில்லை.

முதல் ஓட்டம்

பில்லை வாங்கும்போதே, பயன்படுத்தாத நிலையில் அளவை மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலும் வைசரின் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் இன்னொரு ஒரு மணி நேரம் அணிந்து பாருங்கள். அதன்பின் முதல் ஓட்டத்தை மாமல்லபுரம் வரை வைத்துக்கொள்ளலாம். அடையாறிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், நெரிசலும் திறந்த சாலையும் கலந்த பாதை. அங்கே இறங்கியதும் நெற்றி, கன்னம், காது மடல், தோள்பட்டை ஆகிய நான்கையும் கவனியுங்கள். கன்னம் மட்டும் அதிகமாக அழுத்துகிறது என்றால் மெல்லிய கன்னப் பஞ்சைத் தனியாக விற்கும் நிறுவனங்கள் உண்டு, அதை மாற்றினால் போதும். திரும்பும் வழியில் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மீது வைக்காதீர்கள், பக்கக் கண்ணாடியில் மாட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி தெர்மோகோலை அரிக்கும், கண்ணாடியின் முனை அதில் குழி விழச் செய்யும்.